கும்பர்வாடா: சூளைக்குள் போகும் கட்டைகள்

மும்பை வேண்டாமென்று எறியும் மரமும் துணியும் தாராவியின் குயவர் தெருக்களில் பானையாகவும் அகல் விளக்காகவும் உருமாறுகின்றன. கூடவே பெயிண்டும் பசையும் பாஷாணமும் புகையாகப் போகலாம். எந்தக் கட்டையை எரிக்கலாம், எதைத் தொடவே கூடாது?

சயான் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே தாராவிக்குள் நடந்தால், 90 அடிச் சாலையின் ஓரமாகப் பானைகள் அடுக்கடுக்காக நிற்கும் இடம் வருகிறது. தண்ணீர்ப் பானை, பூந்தொட்டி, தயிர்ச் சட்டி, உண்டியல். கோகுலாஷ்டமி நெருங்கினால் உறியடிக் கலயங்கள், நவராத்திரிக்குத் துளையிட்ட கர்பா கலசங்கள், தீபாவளிக்கு லட்சக்கணக்கில் அகல் விளக்குகள். இதுதான் கும்பர்வாடா, குயவர் வாடி.

சாலையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது கடை மட்டுமே. கடைக்குப் பின்னால் நீளவாக்கில் ஒடுங்கிய வீடு. அதிலேயே சக்கரம், அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. வீட்டின் பின்வாசல் திறப்பது ஒரு பொது முற்றத்துக்கு. நெஞ்சளவு உயரத்தில் செங்கல் சுவர் எழுப்பிய சூளைகள் அங்கே நிற்கின்றன. இந்தியில் 'பட்டி'. ஒரு சூளையைச் சில குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. சூளை மூட்டிய நாளில் சாம்பல் நிறப் புகை முற்றத்தை நிரப்பிவிட்டு, மாடி ஜன்னல்களின் உயரத்தில் அப்படியே நிற்கும். பிறகு காற்று போகும் திசையில் போகும்.

அந்தத் திசையில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். 1987-இல் வெளிவந்த 'நாயகன்' மூலம் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகமான தாராவியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அடுத்த தெருக்களில்தான் வசிக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்துத் தையல்காரர்கள், பிளாஸ்டிக் பிரிப்பவர்கள், பப்படம் உருட்டும் பெண்கள் எல்லோருக்கும் அதே காற்றுதான்.

புகையால் வந்த முகவரி

கும்பர்வாடாவின் குயவர்கள் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள். முதலில் அவர்கள் இருந்தது நகரின் தெற்குப் பகுதியில். அங்கே இன்றும் கும்பர்வாடா என்று ஒரு பேட்டை உண்டு. பெயர்தான் மிச்சம், சூளைகள் இல்லை. நகரம் விரிந்தபோது சூளையும் புகையும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. 1930-களில் அவர்கள் வந்து சேர்ந்த தாராவி அப்போது மாஹிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலம், ஊருக்கு வெளியே. இன்று அதே இடம் மாநகரத்தின் நடுமையம். பாந்திரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் கழிக்கு அந்தப் பக்கமே தெரிகின்றன. குயவர்கள் நகரவில்லை, நகரம்தான் அவர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டது. ஆகவே புகை பற்றிய புகார் இங்கே புதிதல்ல. புதிது, புகைக்குள் இருக்கும் சரக்கு.

கிராமத்துக் குயவர் வைக்கோலையும் வரட்டியையும் சுள்ளியையும் வைத்துச் சூளை மூட்டுவார். மாநகரத்தில் இவற்றுக்கு எங்கே போவது? மும்பையில் மலிவாகக் கிடைத்தது பருத்தி ஆலைகளின் கழிவுப் பஞ்சு. 1982-இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இப்போது மூட்டையாக வருவதில் ஆயத்த ஆடைக் கூடங்களின் வெட்டுத் துணியும் உண்டு. அதில் பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு மரத்தூள். அதோடு பழைய மரம்.

பழைய மரத்துக்கு மும்பையில் பஞ்சமே இல்லை. நாள்தோறும் ஏதோ ஒரு பழைய கட்டடம் இடிக்கப்படுகிறது. தேக்கு நிலையும் கதவும் நல்ல விலைக்குத் தனியே போய்விடும். உடைந்த சட்டம், பிளைவுட் துண்டு, சன்மைகா ஒட்டிய அலமாரிப் பலகை, சாரப் பலகை ஆகியவை எடைக்கு வரும். நவ சேவா துறைமுகத்தில் இறங்கும் சரக்கோடு பெட்டி மரமும் சரக்குத் தட்டுகளும் வருகின்றன. மரப்பட்டறைகளிலிருந்து மரத்தூள் வருகிறது. பங்கார்வாலா எனப்படும் பழைய சாமான் வியாபாரிக்கு இவை எல்லாமே 'லக்கடி'. தராசுக்கு வித்தியாசம் தெரியாது. தீக்குத் தெரியும்.

ஒரே கட்டை, பல சரக்கு

எந்த மரப்புகையும் நல்ல புகை அல்ல. மாசு மருவற்ற வேலங்கட்டையை எரித்தாலும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். அடுப்படிப் புகை நுரையீரலைக் கெடுக்கிறது என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் மனிதன் மரத்தின்மேல் எதையாவது பூசியிருந்தாலோ, அதற்குள் ஏற்றியிருந்தாலோ, கணக்கு வேறு.

முதலில் பெயிண்ட். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது, இன்று இடிபடும் வீடுகளின் கதவு, ஜன்னல்களில் பெரும்பாலானவை அந்த விதிக்கு முன் பெயிண்ட் அடிக்கப்பட்டவை. சூளைத் தீயில் ஈயத்தின் ஒரு பகுதி ஆவியாகிப் புகைத் துகளோடு பறக்கும். மிச்சம் சாம்பலில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் கண்டறியப்படவில்லை.

அடுத்தது பசை. பிளைவுட், துகள் பலகை, எம்.டி.எஃப். எல்லாம் மரத்தை ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசினால் ஒட்டியவை. அரைகுறையாக எரியும்போது ஃபார்மால்டிஹைடு வெளியேறும். யூரியா, மெலமைன் கலந்த பிசினில் நைட்ரஜன் இருப்பதால் ஹைட்ரஜன் சயனைடும் உருவாகலாம். பலகை ஓரத்தில் ஒட்டிய பி.வி.சி. பட்டையில் இருப்பது குளோரின். அது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சுக் குடும்பத்துக்கு மூலப்பொருள். இதே பலகைகளை அறுக்கும் பட்டறையிலிருந்து வரும் மரத்தூளிலும் இதே பிசின்தான்.

மூன்றாவது தார் எண்ணெய். பழைய ரயில்வே சிலீப்பர் கட்டைகளில் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் ஊறியிருக்கும். தண்டவாளத்தின் கீழ் இப்போது பெரும்பாலும் கான்கிரீட்தான்; ஆனால் கழற்றிய மரங்கள் மரக்கடைகளில் நெடுங்காலம் உலவும். அவை நன்றாகப் பற்றி எரியும், சூடும் அதிகம். குயவருக்கு ஆசை காட்டும் குணங்கள். ஆனால் அந்தக் கரும்புகையில் இருப்பது பென்சோபைரீன் போன்ற, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள்.

நான்காவது சரக்குதான் மிக மோசம். அதற்குப் பின்னால் இந்தியக் கதை ஒன்று இருக்கிறது.

டேராடூன் தந்த பாஷாணம்

வெப்ப நாடுகளில் மரத்துக்கு எதிரிகள் அதிகம். கரையான் அரிக்கும், வண்டு துளைக்கும், பூஞ்சை பிடித்து உளுக்கும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசன் 1933-இல் இதற்கு ஒரு மருந்து கண்டார். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றின் உப்புகளைக் கரைத்து, அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றும் முறை. தாமிரம் பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மழையில் கரையாதபடி மர நாரோடு பிணைத்து வைக்கும். ஆர்சனிக், தாமிரம் ஆகியவற்றின் வேதிக் குறியீடுகளை இணைத்து 'ஆஸ்கு' என்று பெயர். ஒரு இந்திய ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்த முறை உலகெங்கும் பரவியது. மின்கம்பம், வேலிக் கால், படகுத்துறை, குளிர்விப்புக் கோபுரச் சட்டம் என்று பல இடங்களில் மரத்தின் ஆயுளைப் பல பத்தாண்டுகள் நீட்டியது.

மரம் நிற்கும்வரை மருந்து அதற்குள் பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். எரித்தால்தான் ஆபத்து. ஆர்சனிக்கில் ஒரு பகுதி ஆவியாகிப் புகையோடு போகிறது. எஞ்சியதும், கூடவே தாமிரமும் குரோமியமும், சாம்பலில் செறிவாகச் சேர்கின்றன. குரோமியத்தின் ஒரு பகுதி புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறவும் வாய்ப்பு உண்டு. மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீர் வழியே லட்சக்கணக்கானோரின் உடம்பில் ஏறிய அதே ஆர்சனிக், இங்கே மூச்சு வழியாகவும் கை வழியாகவும் வரும்.

இது வெறும் ஆய்வுக்கூடக் கணக்கல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் கிராமப்புறத்தில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் வந்தால் நோய் வரும், கோடையில் தணியும். தோல் தடிப்பு, தலைமுடி உதிர்தல், மூச்சுக் கோளாறு, நரம்புக் கோளாறு. மூன்று ஆண்டுகள் இப்படிப் போன பிறகு காரணம் பிடிபட்டது: வீட்டைச் சூடாக்க அவர்கள் அடுப்பில் எரித்தது இந்த மருந்து ஏற்றிய மரத் துண்டுகள். வீட்டிலேயே அதிக நேரம் இருந்த தாயும் கைக்குழந்தைகளும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். 1984-இல் அமெரிக்க மருத்துவ இதழில் இது வெளியானது. 2003 முடிவோடு அந்த நாட்டில் வீட்டு உபயோக மரத்துக்கு இந்த மருந்தை ஏற்றுவது பெருமளவு நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன் மருந்தேற்றிய மரங்கள் உலகம் முழுக்க இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றாகக் கழிவாகி வந்துகொண்டும் இருக்கின்றன.

இதில் பெரிய சிக்கல், அடையாளம் தெரியாமல் போவது. புதிதாக இருக்கையில் அந்த மரத்தில் லேசான பச்சை தெரியும். பத்து வருட வெயிலிலும் மழையிலும் பச்சை வெளுத்துச் சாதாரணச் சாம்பல் நிறக் கட்டையாகிவிடும். எரியும்போது தனி நாற்றம் எதுவும் எச்சரிக்காது. சிலீப்பர் கட்டை தன் தார் நாற்றத்தால் காட்டிக்கொடுத்துவிடும். பாஷாணம் ஏறிய கட்டை வாய் திறக்காது.

'சூளைச் சூட்டில் எல்லாம் பொசுங்கிவிடாதா?'

இயல்பாக எழும் கேள்விதான் இது. பதில், மூன்று காரணங்களால், இல்லை.

ஒன்று, சூளையின் சூடு போதாது. மண்பாண்டம் வேகச் சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் போதும். நஞ்சான கரிமப் பொருள்கள் முழுதாகச் சிதைய 850 டிகிரிக்குக் குறையாத சூட்டில், போதிய காற்றோடு, குறைந்தது இரண்டு விநாடி புகை தங்க வேண்டும் என்பது நவீன எரியுலைகளுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் விதி. திறந்த சூளையில் தீயின் நெஞ்சில் அந்தச் சூடு இருந்தாலும், மேலே வரும் புகை அதற்குள் ஆறிவிடுகிறது. ஆறும் வழியில் 400, 300 டிகிரிப் பக்கம்தான் டையாக்சின் புதிதாக உருவாகவும் செய்கிறது.

இரண்டு, குயவரின் தொழில் நுணுக்கமே ஆரம்பத் தீயை அடக்கி வைப்பதில் இருக்கிறது. பச்சைப் பானையில் ஒளிந்திருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் பானை வெடித்துவிடும். ஆகவே முதல் சில மணி நேரம் சூளை எரிவதில்லை, புகைகிறது. பானைக்கு நல்லதான அந்த மந்தத் தீதான் மூச்சுக்கு மிகக் கெட்டது. மழைக்காலத்தில் எரிபொருளும் நமுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்று, ஈயமும் ஆர்சனிக்கும் குரோமியமும் தனிமங்கள். எந்தச் சூட்டிலும் அவை அழிவதில்லை. ஒன்று புகையில் போகும், அல்லது சாம்பலில் இருக்கும்.

அந்தச் சாம்பலைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சூளை ஆறியதும் பானைகளை எடுத்து, ஒட்டிய சாம்பலைத் தட்டி, தரையைக் கூட்டுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. அடுத்த சூளையை மூடவும் சாம்பல் பயன்படும். சாம்பலால் பாத்திரம் துலக்குவதும், செடிக்குப் போடுவதும் நம் நாட்டுப் பழக்கம். சுள்ளிச் சாம்பல் என்றால் தவறில்லை. பெயிண்ட் அடித்த கதவின் சாம்பலுக்கும் மருந்தேற்றிய கம்பத்தின் சாம்பலுக்கும் அந்தப் பழக்கம் பொருந்தாது.

பிரிப்பது தாராவியின் தொழில்

காஸ் சூளைக்கு மாறினால் புகைத் தொல்லை ஒழியும் என்பது நகரத்தில் சுலபமாகச் சொல்லப்படும் யோசனை. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் அப்படித்தான் நடந்தது. நிலக்கரி எரித்த பழைய சூளைகளின் புகைபோக்கிகள் ஊரின் அடையாளமாக நிற்க, கோப்பையும் ஜாடியும் இன்று காஸ், டீசல் சூளைகளில் வேகின்றன. ஆனால் குர்ஜாவின் சரக்கு, மெருகேற்றி வண்ணம் தீட்டிய பீங்கான். எரிபொருள் செலவை விலையில் ஏற்றிவிடலாம். சில ரூபாய்க்கு விற்கும் அகல் விளக்கில் எதை ஏற்றுவது? சூளைக்கான முதலீடு வேறு. புகைபோக்கி கட்டினால் முற்றத்துக்கு மூச்சு கிடைக்கும். ஆனால் நஞ்சு அழியாது, இன்னும் சற்றுத் தள்ளிப் போய் விழும்.

எனவே காஸ் வரும்வரை, வந்தாலும் வராவிட்டாலும், இன்றே செய்யக்கூடியது ஒன்றுதான்: கட்டை சூளைக்குள் போகும் முன்னால் பிரிப்பது. இது தாராவிக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தை அல்ல. கும்பர்வாடாவுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள பிளாஸ்டிக் கிடங்குகளில், ஒரு துண்டை வளைத்துப் பார்த்து, ஓசை கேட்டு, நுனியைக் கொளுத்தி முகர்ந்து பல ரகமாகப் பிரிக்கும் கைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக்குக்குப் பிரித்தால் விலை கூடும், அதனால் பிரிக்கிறார்கள். விறகுக்கு அந்த விலை வித்தியாசம் இன்னும் பிறக்கவில்லை.

பிரிக்க வேண்டிய விதம் சிக்கலானதல்ல. அறுத்த பச்சை மரம், பட்டையோடு கூடிய கிளை, எதுவும் பூசாத சட்டம் ஆகியவற்றை எரிக்கலாம். பெயிண்டோ வார்னிஷோ கண்ட கட்டை கூடாது. அடுக்கடுக்காகத் தெரியும் பிளைவுட், அழுத்திய துகள் பலகை, சன்மைகா ஒட்டியது கூடாது. கறுத்து, கனத்து, தார் நாறும் சிலீப்பர் கூடாது. பழைய மின்கம்பம், வேலிக் கால், படகுப் பலகை, குளிர்விப்புக் கோபுரச் சட்டம் போல வெளியில் மண்ணிலும் நீரிலும் நிற்பதற்கென்றே செய்த மரம் எதுவானாலும், பச்சை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கூடாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டையையும் இதே கணக்கில் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

துறைமுகத்துச் சரக்குத் தட்டுகளுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு: அவற்றில் முத்திரை இருக்கும். நாடு விட்டு நாடு பூச்சி பரவாமல் தடுக்க 2002-இல் வந்த சர்வதேச விதிப்படி, கோதுமைக் கதிர்ப் படத்தின் பக்கத்தில் நாட்டுக் குறியீடும் சிகிச்சைக் குறியீடும் சுட்டுப் பதிக்கப்படும். 'எச்.டி.' என்றால் மரத்தின் உட்புறத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது என்று பொருள். மருந்து எதுவும் இல்லை. 'எம்.பி.' என்றால் மீதைல் புரோமைடு வாயு காட்டியது, அதை ஒதுக்கிவிடலாம். எச்.டி. தட்டானாலும் பெயிண்ட் அடித்திருந்தாலோ, எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை இருந்தாலோ சூளைக்கு ஆகாது. ஆங்கில எழுத்து இரண்டைக் கற்றுக்கொள்ள எந்தப் பங்கார்வாலாவுக்கும் ஒரு நிமிடம்தான் ஆகும்.

பிரித்து ஒதுக்கியதை என்ன செய்வது? இங்கேதான் நகராட்சியின் பொறுப்பு வருகிறது. குயவர் வாங்காவிட்டால் அந்தக் கட்டை வேறொரு அடுப்புக்குப் போகும்: பேக்கரிக்கு, கல்யாணச் சமையலுக்கு, நடைபாதைக் குளிர்காய்தலுக்கு. கட்டடம் இடிக்கும் இடத்திலேயே பூசிய மரத்தைத் தனியே சேர்த்து, முறையான எரியுலைக்கோ பாதுகாப்பான குப்பைக் கிடங்குக்கோ கொண்டுபோனால்தான் சங்கிலி அறுபடும். மும்பையின் மொத்த இடிபாட்டுக்கும் காவல் நிற்கும் சுமையைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான குயவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமல்ல.

இதற்கிடையில் தாராவியே இடிபடக் காத்திருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. அடுக்குமாடியில் வீடு கிடைக்கலாம். ஆனால் ஏழாம் மாடியில் மண் குழைக்க முடியாது, பானை காயவைக்க முடியாது, சூளை மூட்டவே முடியாது. தரையும் முற்றமும் சூளையும் இல்லாமல் தொழில் இல்லை என்பது குயவர்களின் கவலை. புதிய தாராவியில் சூளைக்கு இடம் கேட்கும்போது அவர்களுக்கு எதிராக முதலில் எடுத்து வைக்கப்படக்கூடிய வாதம் புகையாகத்தான் இருக்கும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களை நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பியபோதும் உடன் வந்தது அந்தப் புகைதான்.

அதனால் கட்டையைப் பிரிப்பது நுரையீரல் விஷயம் மட்டுமல்ல, பிழைப்பு விஷயமும்கூட. சுத்தமான விறகு மட்டுமே எரியும் சூளைக்கு இடம் கேட்பது எளிது. சிறிய காஸ் சூளைக்கு அரசு உதவி கேட்பது அதைவிட எளிது. இரண்டுக்கும் முன்னால், சூளை மூட்டுகிற பெண் கையிலெடுக்கும் ஒவ்வொரு பலகையையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் பழைய நீலப் பெயிண்டின் பொருக்கு ஒட்டியிருந்தால், அது எவ்வளவு நன்றாக எரியக்கூடிய தேக்கானாலும், ஓரமாகப் போட்டுவிட வேண்டும்.